கிழக்குச் சுவர் ஜன்னல்

எங்கள் கரையில் ஒருவர் ஜன்னல் மாற்ற வேண்டும் என்று பட்டறைக்கு வந்தால், எத்தனை ஜன்னல் என்று நான் முதலில் கேட்பதில்லை. எந்தச் சுவர் என்றுதான் கேட்பேன். கிழக்குச் சுவர் என்றால் ஒரு விலை, ஒரு சாமான், ஒரு வேலை முறை. மேற்குச் சுவர் என்றால் எல்லாமே வேறு. இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில், மருதமுனை தொடங்கி கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் என்று அக்கரைப்பற்று வரைக்கும் எங்கள் ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். மாரி காலத்தில் வாடைக் காற்று மழையைக் குறுக்காக அடித்துக் கொண்டுவந்து கிழக்குச் சுவரில் கொட்டும். அந்த மழையில் உப்பும் இருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் வயல் பக்கமிருந்து நெருப்பாக வீசும். ஒரே வீட்டில் கிழக்கு ஜன்னல் ஊறி உப்பிப் பூட்ட முடியாமல் நிற்கும். மேற்கு ஜன்னல் காய்ந்து சுருங்கி, கண்ணாடியைப் பிடித்திருக்கிற புட்டி வெடித்துக் கொட்டும்.

வீடு தொடர்மாடியில் என்றால் இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது. எத்தனையாம் மாடி? கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள்? இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் வந்தவர் முகம் மாறும். தன் வீட்டு ஜன்னலுக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும் என்ன தொடர்பு என்று நினைப்பார். நாற்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் நான் கண்டதெல்லாம் அந்தத் தொடர்பைப் பற்றித்தான்.

தொழில் பழகியது என் மாமாவிடம். சாய்ந்தமருதில் பேர் சொன்னால் தெரிகிற ஓடாவி அவர். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது நான் அவருக்கு உளி தீட்டிக் கொடுக்கிற பொடியன். மட்டக்களப்பிலும் எங்கள் பக்கத்திலும் தென்னை எல்லாம் தலையிழந்து நின்ற அந்த நாட்களில், மாமா என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஓட்டுக் கூரை முழுதாகப் போன வீடுகளில் அவர் முதலில் பார்த்தது கூரையை அல்ல, காற்று வந்த பக்கத்து ஜன்னலை. பெரும்பாலும் அந்த ஜன்னல் உள்ளே விழுந்து கிடக்கும். "காத்து உள்ளுக்கு வந்தா வெளிய போறதுக்கு வழி தேடும் மனே, கூரைதான் அதுக்கு வழி" என்றார். காற்றுப் பக்கத்து ஜன்னல் தாங்கிய வீடுகளில் ஓடு பறந்திருந்தாலும் கூரை மரம் நின்றது. ஜன்னலை வெளிச்சத்துக்கும் காற்றோட்டத்துக்கும் வைக்கிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காற்றை வெளியே நிறுத்துவதும் அதன் வேலை என்பதை அந்த வீடுகளில் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் காலத்து ஜன்னல் எல்லாம் மரம். நிலைக்கு முதிரை அல்லது பாலை, கதவுக்குத் தேக்கு, வசதி குறைந்தவர்களுக்கு வேம்பு. சவண்டலையும் வரும். பாலை கனமான மரம். துளை போடாமல் ஆணி அடித்தால் பிளந்துவிடும். வேம்பைக் கறையான் லேசில் தொடாது. மாமா நிலையின் நான்கு மூலையிலும் கழுந்தைத் துளைக்குள் இறக்கி மர ஆணிதான் அடிப்பார், இரும்பு ஆணி அடிக்கவே மாட்டார். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்தால் அந்தத் துரு பருத்து மரத்தைப் பிளக்கும் என்பது அவர் கண்ட பாடம். வாசல் நிலை வைக்கிற நாளில் பாத்திஹா ஓதி, பழம் பங்கிட்டு, ஊரே வந்து பார்க்கும். ஜன்னல் நிலைக்கு அப்படி நாளும் இல்லை, ஆளும் இல்லை. மேசனும் ஓடாவியும் மட்டும்தான். ஆனால் அந்த வீட்டில் முதலில் உக்கிப் போவது ஜன்னல் நிலையாகத்தான் இருக்கும்.

யுத்தம் வந்த பிறகு மரம் கிடைப்பது கடினமாயிற்று. காட்டுக்குப் போக முடியாது. அனுமதிப்பத்திரம் இருந்தாலும் லொறியை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கி ஏற்ற வேண்டும். எண்பதுகளின் நடுவில் நான் கொழும்புக்குப் போனேன். மாளிகாவத்தைத் தொடர்மாடியில்தான் மாடி வீட்டு ஜன்னலை முதன்முதலாகத் தொட்டேன்.

அங்கே நான் உதவியாளாக இருந்தது ஒரு சிங்கள பாஸிடம். இரண்டாம் மாடியில் ஒரு ஹாஜியாரின் படுக்கையறை ஜன்னல் உக்கிப்போயிருந்தது. பாஸ் நேரே மேலே ஏறவில்லை. கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, அங்கிருந்த பெண்ணிடம் கொடியில் காய்கிற உடுப்பை எடுக்கச் சொன்னார், தண்ணீர் பீப்பாவை மூடச் சொன்னார், பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம் என்றார். பிறகு அந்தப் பெண்ணின் வீட்டு ஜன்னலுக்கு மேலே இருக்கும் லின்டலைத் தடவிப் பார்த்தார். மேலே போய், ஹாஜியாரின் ஜன்னல் குந்தில் அரை வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். என்னைக் கீழே அனுப்பிப் பார்க்கச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு லின்டலின் அடியில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. மேல்வீட்டு ஜன்னலின் கீழ் மூலையில் விழுந்த வெடிப்பால் இறங்கிய மழைத் தண்ணீர், சுவருக்குள்ளேயே இறங்கி, கீழ்வீட்டு ஜன்னலை உக்க வைத்துக் கொண்டிருந்தது. கீழ்வீட்டுப் பெண் பல வருடமாகத் தன் ஜன்னலுக்குத்தான் வர்ணம் பூசிக் கொண்டிருந்தாராம்.

அந்த அரை வாளித் தண்ணீரை நான் இன்றும் ஊற்றுகிறேன். வேலை தொடங்க முதல் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை. கீழ்வீட்டில் காய்ந்திருந்தால்தான் காசு வாங்குவேன்.

கொழும்புக்குப் பிறகு கட்டார். எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் அந்த வழி போனவர்கள்தான். தோஹாவில் அலுமினியப் பட்டறை ஒன்றில் வெட்டவும் கோக்கவும் கண்ணாடி பதிக்கவும் பழகினேன். அங்கே பிரச்சினை தூசி. றபர் சரியாக இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மில்லிமீட்டரில் அளக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. அடி, அங்குலத்தில் அளக்கிற ஓடாவி கால் அங்குலத்தை இழைத்துச் சரிப்படுத்துவார். அலுமினியத்தை இழைக்க முடியாது.

ஊருக்கு வந்து பட்டறை போட்டுக் கொஞ்ச காலத்தில் 2004 டிசம்பர் 26, சுனாமி. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை; பத்தாயிரத்துக்கும் மேல். கடற்கரையோரம் சுவர் ஒன்றும் இல்லாமல் ஜன்னல் நிலை மட்டும் மணலில் நட்டுக்கொண்டு நின்ற இடங்களை நான் பார்த்தேன். மாமா அடித்த மர ஆணியை வைத்து, இது இன்னார் வீட்டு ஜன்னல் என்று சொல்ல முடிந்தது. அந்த வீட்டார் சிலர் இல்லை. அதைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு முடியாது. ஒரு ராத்தா மட்டும் அப்படி ஒரு ஜன்னலை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, புது வீடு கிடைத்தால் இதைத்தான் பூட்ட வேண்டும் என்று என் பட்டறையில் வைத்துவிட்டுப் போனார். அவருக்குக் கிடைத்தது மாடி வீடு. அதில் ஜன்னல் வாய் வேறு அளவு. அந்த ஜன்னலின் இரண்டு கதவையும் எடுத்து ஓர் அலுமாரிக்குக் கதவாகப் பூட்டிக் கொடுத்தேன்.

கரையிலிருந்து 65 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று விதி வந்த பிறகு, காணி இல்லாத எங்கள் ஊர்களில் மக்களை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வியாயிற்று. மருதமுனையில் அந்த அளவின் பேராலேயே 65 மீட்டர் வீட்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. சாய்ந்தமருதில் பொலிவேரியன் வீட்டுத் திட்டம். கல்முனையில் கிரீன் பீல்ட் தொடர்மாடி. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டினார்கள். வழக்கும் தீர்ப்புமாக அவை ஆட்களுக்குப் போய்ச் சேராமல் வருடக்கணக்கில் காடு மண்டிக் கிடந்தன. தொழில்காரனாக எனக்கு அந்த வீடுகள் பெரிய வேதனை. திறந்து மூட ஆள் இல்லாத ஜன்னலைக் காற்றும் உப்பும் விரைவில் தின்றுவிடும். பிணைச்சல் இறுகும், கண்ணாடி விழும், பிறகு மழை வீட்டுக்குள்ளே பெய்யும்.

மாடி வீடு எங்கள் சனத்துக்குப் புதிது. வளவும் கிணறும் வேலியுமாக இருந்தவர்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்கு. மகள் பிறந்தால் வீட்டுக்குக் கல் சேர்க்கத் தொடங்குவார்கள். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் ஒரு பக்கம் ஒதுங்குவார்கள், அடுத்தவளுக்கு அங்கேயே இன்னொரு வீடு எழும்பும். மாடி வீட்டில் ஒதுங்க வளவு இல்லை. இருக்கிற அறையைத்தான் மறைத்துப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்தால் ஒரு பாதிக்கு ஜன்னல் இருக்காது. உடனே என்னைக் கூப்பிடுவார்கள்: காக்கா, இந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வாய் வெட்டித் தாங்கோ. மாடி வீட்டில் நான் முடியாது என்று சொல்லுகிற வேலை அது ஒன்றுதான். இருக்கிற ஜன்னலை மாற்றுவேன், புது வாய் வெட்ட மாட்டேன், இருக்கிற வாயைப் பெருப்பிக்கவும் மாட்டேன். மேல்வீட்டுப் பாரம் அந்தச் சுவரிலும் லின்டலிலும் இறங்குகிறது. ஒரு இடத்தில் நான் மறுத்த பிறகு வேறு ஆளை வைத்து வெட்டினார்கள். அடுத்த மாரிக்குள் மேல்வீட்டுச் சுவரில் மூலைக்கு மூலை வெடிப்பு ஓடியது.

பெண்களின் மறைப்பு இன்னொரு விஷயம். எதிர் மாடியிலிருந்து பார்த்தால் அடுப்படி தெரிகிறது என்று, வீடு கிடைத்த முதல் மாதமே ஜன்னலைத் தகரத்தால் அடைத்தவர்கள் இருந்தார்கள். உள்ளே புகை, புழுக்கம். கீழ்ப்பாதிக்கு மங்கல் கண்ணாடி, மேல்பாதிக்குத் தெளிந்த கண்ணாடி போட்டு, மேல்பாதியை மட்டும் திறக்கிற மாதிரி செய்து கொடுத்தேன். அந்த ஒரு மாற்றம் எத்தனையோ வீட்டில் தகரத்தைக் கழற்றியது.

சுனாமிக்குப் பத்து வருடம் ஆனபோது ஜன்னல் மாற்றும் வேலை கூட்டமாக வரத் தொடங்கியது. அந்த மாடி வீடுகளுக்கு எங்கோ வரைந்த படத்தில் நாலு சுவருக்கும் ஒரே ஜன்னல். கிழக்குச் சுவர் பத்து மாரியைத் தாங்கியதே பெரிது.

ஒரு வேலையைச் சொல்கிறேன். மூன்றாம் மாடி, கடல் பக்கம், மீன்பிடிக்குப் போகிறவரின் வீடு. மர நிலை. ஸ்குரூ டிரைவரைக் கீழ் மூலையில் குத்தினால் பிடி வரைக்கும் இறங்கியது. மேல் பக்கம் கல் மாதிரி இருந்தது. எப்போதும் அப்படித்தான்: நிலையின் கீழ் ஒரு சாண்தான் உக்கும். அங்கே மட்டும் உக்கியிருந்தால் முழுவதையும் கழற்றாமல், உக்கின துண்டைச் சரிவாக வெட்டி எடுத்து, புது மரத்தை அதே சரிவில் ஒட்டி ஆணி இறக்கிவிடலாம். செலவு பெரிதாகக் குறையும். இந்த வீட்டில் கீழ்க்கட்டை முழுவதும் போயிருந்தது. மாற்றத்தான் வேண்டும்.

கீழ்வீட்டு மாமியிடம் போனேன். வயதானவர், தஸ்பீஹ் மணியோடு வாசலில் இருந்தார். "மேல இடிக்கிறதெண்டா எங்கட சுவத்துல தண்ணி வாறது நிக்குமா தம்பி?" என்றார். நிக்கிறத்துக்குத்தான் மாமி இடிக்கிறம் என்றேன். அரை வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். தன் சுவரில் சொட்டு இறங்கினதைப் பார்த்ததும், மேல்வீட்டோடு இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்தவர், மகனை அனுப்பி அவர்களைக் கூப்பிட்டார். கடல் பக்கத்துச் சுவர் ஈரமானது மேல்வீட்டுக் குளியலறையால் என்று அதுவரை சண்டை.

அளவெடுப்பது இப்படி: அகலம் மேலே, நடுவில், கீழே, உயரம் இடம், நடு, வலம், பிறகு இரண்டு மூலைவிட்டமும். மேசன் கட்டின வாய் ஒருபோதும் சரி சதுரமாக இருக்காது. எது குறைந்த அளவோ அதை எடுத்து, பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் விட்டு ஜன்னலைப் பட்டறையில் முழுவதும் செய்து முடிக்க வேண்டும். புதியது படியேறி மேலே வந்து சுவரில் சாய்த்து வைத்த பிறகுதான் பழையதில் கை வைப்பேன். பழையதைக் கழற்றிவிட்டு அளவு சரியில்லை என்று பட்டறைக்கு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். மாடியில் திறந்த வாய் ஒரு இரவு இருக்கக் கூடாது. குழந்தை இருக்கிற வீடு.

பழைய நிலையைச் சுத்தியலால் வெளியே தள்ளுவது மடைத்தனம். கீழே ஆள் போகிற நடை. முதலில் கதவுகளைப் பிணைச்சலோடு கழற்றி உள்ளே எடுக்க வேண்டும். கண்ணாடியைத் தனியாகச் சாக்கில் சுற்ற வேண்டும். பிறகு கீழ்க்கட்டையை நடுவில் சரிவாக வாளால் அறுத்து, அலவாங்கின் நுனியை உள்பக்கம் கொடுத்து உள்ளே இழுக்க வேண்டும். பக்கக்கட்டைகளைச் சுவருக்குள் இரும்புத் துண்டு பிடித்திருக்கும். அதை நெம்பினால் சீமெந்துக் கல் உடையும், அதனால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த வீட்டில் அந்த இரும்பு துருத் துருவாக உதிர்ந்து கையில் வந்தது. பழைய வர்ணத்தைச் சுரண்ட வேண்டியிருந்தால் நனைத்துத்தான் சுரண்டுவேன். பழைய எனாமல் வர்ணத்தில் ஈயம் இருக்கலாம், காய்ந்த தூள் பிள்ளைகளின் கையில் ஒட்டும்.

வாய் சுத்தமானதும் உண்மையான வேலை. குந்தை வெளிப்பக்கம் சரிவாகப் பூசி, அதன் வெளி விளிம்பின் அடியில் விரல் பருமன் காடி ஒன்று இழுக்க வேண்டும். அந்தக் காடி இல்லாவிட்டால் தண்ணீர் விளிம்பைச் சுற்றி அடியால் ஊர்ந்து திரும்பச் சுவருக்கு வரும். காடி இருந்தால் அங்கேயே சொட்டி விழும். சீமெந்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் அலுமினிய நிலை. ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியத்தை அரிக்கும். அதனால் குந்துப் பூச்சுக்கும் நிலை பூட்டுவதற்கும் நடுவில் வாயைப் பலகையால் அடைத்து, உள்ளே கம்பி வைத்து இறுக்கிவிட்டுத்தான் வருவேன். பலகை வைத்த வாய் திறந்த வாய் அல்ல.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று எல்லாரும் சொல்வார்கள். கடற்கரையில் அதுவும் அரிக்கும், வெள்ளைப் பொடியாக. பெரும்பாலும் தொடங்குவது ஸ்குரூவைச் சுற்றி. சாதாரண இரும்பு ஸ்குரூவை அலுமினியத்தில் இறக்கினால், உப்பு ஈரம் நடுவில் நின்று இரண்டையும் கெடுக்கும். கறைபடியாத எஃகு என்று விற்பதிலும் இரண்டு ரகம் இருக்கிறது: 304, 316. கடலை நேரே பார்க்கிற சுவருக்கு 316 வேண்டும். ஒரு ஜன்னலுக்குத் தேவைப்படும் ஸ்குரூவின் விலை வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் கல்முனை பஸாரில் கேட்காமல் அதை யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். சிலிக்கனிலும் அப்படித்தான். பிழிந்ததும் வினாகிரி மணம் அடிக்கிற சிலிக்கன் மலிவு, ஆனால் அதன் அமிலம் உலோகத்துக்கும் சீமெந்துக்கும் ஆகாது. மணம் இல்லாததைத்தான் வாங்க வேண்டும். தள்ளுகிற ஜன்னலின் அடித் தடத்தில் தண்ணீர் வடிகிற துளைகள் இருக்கும். அதை அடைத்துச் சிலிக்கன் பூசுகிறவர்கள் வீட்டுக்குள் குளம் கட்டுகிறார்கள். கடல் பக்கத்துக்குத் தள்ளுகிற ஜன்னலையே நான் சொல்வதில்லை. வெளியே திறந்து, மூடும்போது றபரில் இறுகி அமர்கிற கதவுதான் வாடைக்குத் தாங்கும். கொளுக்கி மட்டும் பலமாக இருக்க வேண்டும். கண்ணாடிப் பட்டை அடுக்கின லூவர் கடல் பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். குறுக்கு மழையை அதனால் நிறுத்த முடியாது. மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிட்டால் ஜன்னலின் ஆயுள் கூடும். இதைச் சொல்லி, வீட்டுக்காரி முன்னால் ஒரு தடவை கழுவிக் காட்டிவிட்டுத்தான் வருவேன்.

கிரில் பற்றி எல்லா வீட்டிலும் வாக்குவாதம். குழந்தை விழாமல் இருக்கக் கிரில் அவசியம், இதில் பேச்சில்லை. ஆனால் எல்லா ஜன்னலுக்கும் அசையாத கிரில் போட்டு, கதவுப் பக்கம் நெருப்புப் பிடித்தால் எந்த வழியால் வெளியேறுவது? ஒரு ஜன்னலின் கிரில் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும், பூட்டின் சாவி பெரியவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் பக்கத்திலேயே தொங்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத வீட்டில் நான் கிரில் பூட்டுவதில்லை.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். சாவி கையில் இருக்கிறது, வருடக்கணக்காகக் குடியிருக்கிறோம், எங்கள் வீட்டு ஜன்னலுக்கு யாரிடம் கேட்பது என்பார்கள். மாடி வீட்டு உரிமை பற்றி 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2003இலும் அதைத் திருத்தினார்கள். வீட்டுக்குள் இருப்பது வீட்டுக்காரருடையது. கூரை, படிக்கட்டு, அத்திவாரம், வெளிச்சுவர் போன்றவை எல்லாருக்கும் பொது. பொதுவானதைப் பார்த்துக்கொள்ள அந்தத் தொடர்மாடியின் முகாமைத்துவச் சபை. அதற்கு மேலே கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை. உறுதி இன்னும் கைக்கு வராதவர்களும் குத்தகைக்கு இருப்பவர்களும், வீட்டைத் தந்த நிறுவனத்தின் எழுத்து மூல சம்மதத்தையும் எடுக்க வேண்டும். ஜன்னல், வீட்டுக்காரருடையதுக்கும் பொதுவானதுக்கும் நடுவில் இருக்கிற சாமான். உள்பக்கத்துத் திரையைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். வெளிநிறத்தை மாற்றினால் முழு மாடியின் முகமும் மாறும்.

நான் செய்வது எளிய வேலை. ஒரு தாளில் ஜன்னலை வரைவேன். பழைய வாயின் அளவு மாறாது, வெளிநிறம் இது, சாமான் இது, வேலை நாள் இது, உடைத்த கல்லையும் மரத்தையும் அன்றைக்கே அப்புறப்படுத்துவது எங்கள் பொறுப்பு என்று எழுதுவேன். வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர், முகாமைத்துவச் சபைத் தலைவர் மூவரும் கையெழுத்திடுவார்கள். ஒரு பிரதி என் கொப்பிக்குள். பிறகு சண்டை வந்தால் அந்தத் தாள் பேசும். உறுதி இல்லாததால் வங்கிக் கடனும் சிலருக்குக் கிடைக்காது. சீட்டுப் போட்டு, அல்லது கட்டாரில் இருக்கிற மகன் அனுப்புகிற காசில், வருடத்துக்கு ஒரு ஜன்னல் என்று மாற்றுகிறார்கள். அப்படி மாற்றுகிறவர்களிடம் நான் சொல்வது, காசு எவ்வளவு இருந்தாலும் முதலில் கிழக்கு என்பதுதான். பலர் ஆள் வருகிற முன்னறை ஜன்னலைத்தான் முதலில் மாற்றுவார்கள்.

எல்லாரும் நோன்புப் பெருநாளைக்கு முன் முடித்துத் தரச் சொல்வார்கள். இப்போது நோன்பு மாரி ஓய்ந்த காலத்தில் வருவதால் சமாளிக்கிறோம். வருடா வருடம் அது முன்னே நகர்கிறது; இன்னும் சில வருடத்தில் மாரிக்குள் வந்துவிடும். அப்போது கிழக்குச் சுவரைத் திறக்க நான் சம்மதிக்க மாட்டேன் என்று இப்போதே சொல்லி வருகிறேன்.

2022 எங்களை உலுக்கியது. டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது. காலையில் கொடுத்த விலைமனு மாலையில் செல்லாது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கரண்ட் வருகிற நேரம் இரவு ஒரு மணியானாலும் எழும்பி வெட்டினோம். அந்த வருடம் நான் புதிதாகச் செய்ததை விடத் திருத்தியதுதான் அதிகம். கையில் உளி பிடிக்கத் தெரிந்தவன் என்பதால் தப்பினேன். அலுமினியம் மட்டும் பழகின பொடியன்மார் பலர் திரும்ப வெளிநாட்டுக்குப் போனார்கள். இப்போது என் பட்டறையில் இரண்டு தம்பிமாருக்கு மர வேலையும் சேர்த்துத்தான் பழக்குகிறேன்.

கடலும் சும்மா இருக்கவில்லை. ஒலுவில், நிந்தவூர், மாளிகைக்காடு, சாய்ந்தமருது என்று கரை அரிக்கிறது. முன்பு இரண்டு தெரு தள்ளி இருந்த சுவரில் இப்போது உப்புப் படிகிறது. பத்து வருடத்துக்கு முன் சாதாரண ஸ்குரூ போதும் என்று நான் சொன்ன இடங்களில் இப்போது 316 கேட்கிறேன்.

இந்த வருடம் ஒரு தொடர்மாடியில் கடல் பக்கத்து ஜன்னல் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற முடிவெடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு தனித்தனியாகச் செய்தால் மேல்வீட்டுத் தண்ணீர் புது ஜன்னலையும் கெடுக்கும் என்று பள்ளிவாசல் முன்னால் வைத்து நான் பேசினேன். சாரம் ஒரே தடவை கட்டினால் செலவும் குறையும். சாரத்தின் பங்கை நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று நிலமாடிக்காரர்கள் கேட்டார்கள். அவர்கள் சுவரில்தான் எல்லா மாடித் தண்ணீரும் கடைசியில் இறங்குகிறது. ஒவ்வொரு வீடாகக் கூட்டிப் போய் வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டியதும் இரண்டு வீட்டைத் தவிர மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். வெளிநிறம் வெள்ளை என்று முடிவு. பெப்ரவரியில் மழை விட்டதும் மேல்மாடியிலிருந்து தொடங்குகிறோம். அளவு எல்லாம் எடுத்தாயிற்று. அந்த இரண்டு வீட்டுக் கையெழுத்து மட்டும் இன்னும் வர வேண்டும்; வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு திரும்பப் போய்ப் பேசுவேன்.